நியர் ஆட்டோமேட்டா: விளையாட்டும் அனிமே தொடரும்

பிளாட்டினம்கேம்ஸ் உருவாக்கி, ஸ்கொயர் எனிக்ஸ் 2017இல் வெளியிட்ட 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற அதிரடி விளையாட்டு, 2023 ஜனவரி முதல் ஏ-1 பிக்சர்ஸ் நிறுவனத்தின் அனிமே (ஜப்பானிய அசைபட) தொடராக வந்தது. விளையாட்டை இயக்கிய யோகோ டாரோ தொடரின் கதையமைப்பிலும் பங்கேற்றிருப்பதால், இது வெறும் நகலாக நின்றுவிடவில்லை.

விளையாட்டின் சுவை சண்டையில்தான் இருக்கிறது. இயந்திரங்களோடு போரிடும் மனித உருவ ரோபோவான நாயகி 2பி வாள் வீசும்போதே, அவளுடன் மிதந்து வரும் 'பாட்' என்ற சிறு துணைக் கருவி எதிரிகளைச் சுட்டுக்கொண்டிருக்கும். அடி விழுவதற்கு இமைப்பொழுது முன்னால் பொத்தானை அழுத்தினால், அவள் நழுவி விலகி உடனே திருப்பித் தாக்குவாள். அந்தப் பரபரப்பைத் தொடர் ஓரளவே தருகிறது. கணினி வரைகலையில் வரும் எதிரி இயந்திரங்கள், கையால் வரைந்த பாத்திரங்களோடு சில காட்சிகளில் ஒட்டவேயில்லை.

கதையில் நிலைமை வேறு. இயந்திரங்களை எதிர்த்துப் போராடும் எதிர்ப்புப் படைக்கு விளையாட்டில் அனிமோனி என்ற பாத்திரம் வகிக்கும் தலைமையைத் தொடரில் லில்லி ஏற்கிறாள். அவளது பழைய போர்க்களக் கதை விரிவாகச் சொல்லப்படுவதால், விளையாட்டை முடித்தவர்களுக்கும் புதிய துயரம் காத்திருக்கிறது. விளையாட்டின் கதைக்கு உள்ள 26 வெவ்வேறு முடிவுகளில் வேடிக்கையான சிலவற்றை, அத்தியாயங்களின் இறுதியில் பொம்மலாட்டமாக நடித்துக்காட்டியிருப்பது அருமையான ஏற்பாடு.

ஆயினும், சேமித்த பதிவுகள் அனைத்தையும் அழித்து, முகமறியாத வேறோர் ஆட்டக்காரருக்கு உதவச் சம்மதமா என்று விளையாட்டு இறுதியில் கேட்கும்போது மனம் தவிக்கிறதே, அந்தத் தவிப்பைப் பார்வையாளராக மட்டும் அமர்ந்திருந்து பெற இயலாது. ஆகவே, விளையாட்டை முடித்த பிறகே தொடரைப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன்.