எர்த் வயரில் மாட்டும் 'ஷாக் தடுப்பான்' டப்பாவை நம்பி 6,850 ரூபாயை விட்டேன், நீங்களும் வாங்கிவிடாதீர்கள்

இன்று காலை அந்த டப்பாவை நெம்பித் திறந்தோம். உள்ளே ஒரு எல்இடி, ஒரு ரெசிஸ்டர், சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கெப்பாசிட்டர். கையில் எடுத்தால் கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அடியில் தார் மாதிரி எதையோ உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். இதற்குத்தான் 6,850 ரூபாய். வாங்கும் முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீடு விருதுநகர் பக்கம், பழைய வயரிங். ஏப்ரலில் இருந்து வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தது. ஃப்ரிட்ஜ் கைப்பிடியிலும் அதே கதை. அம்மா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, மரப்பலகை மேல் ஏறி நின்று, புறங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெஷின் மூடியைத் திறப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் தேட ஆரம்பித்தேன்.

தினமும் நம் தெருவுக்குப் பார்சல் கொண்டுவரும் ஆன்லைன் சந்தைகளில் ஒன்றில் இது கிடைத்தது. எர்த் லைனில் திரும்பி வரும் கரண்டைத் தடுக்கும் கருவியாம். விற்றவர் வீடியோ காலிலேயே வந்தார். டப்பாவில் ஒரு அயர்ன் பாக்ஸைச் சொருகி, மல்டிமீட்டரை வைத்து, "பாருங்கண்ணே, எர்த் எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று காட்டினார். நான் கொஞ்சம் தயங்கினேன். "அம்மாவுக்காகக் கேக்குறீங்க, உங்ககிட்ட பொய் சொல்வேனா? எங்க அம்மா வீட்லயும் இதான் மாட்டியிருக்கு" என்றார். அந்த ஒரு பேச்சில் விழுந்துவிட்டேன்.

மாட்டியதும் ஷாக் நின்றது. அம்மா மெஷின் மேல் உள்ளங்கையை முழுசாக வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே பலகை வேண்டாம்லப்பா?" என்று கேட்டார். வேண்டாம்மா என்று சொன்னது நான்தான். ஃப்ரிட்ஜுக்கும் ஒன்று வாங்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

இருபதே நாள். ஈரத்துணியை அள்ளி ஸ்பின்னரில் போடும்போது அம்மாவைத் தூக்கி அடித்தது. முழங்கை சுவரில் மோதி வீங்கிவிட்டது. ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை, பயப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எர்த் வயரை மண்ணில் இறக்கும் குழி, அதாவது எர்த் குழி, வெயிலில் வறண்டு, கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் துருவேறிக் கிடந்தது. கீசர் காயிலில் கசிந்த கரண்ட் மண்ணில் இறங்க வழியில்லாமல், எர்த் வயர் வழியாகவே மற்ற மெஷின்களின் பாடிக்கு வந்திருக்கிறது. இந்த டப்பா எர்த் வயரைக் கிட்டத்தட்ட வெட்டிவிட்ட மாதிரி. அதனால் கீசர் கரண்ட் வாஷிங் மெஷினுக்கு வரவில்லை, நான் அதைக் கருவியின் சாமர்த்தியம் என்று நம்பினேன். ஆனால் ஸ்பின்னர் மோட்டாரே கசிய ஆரம்பித்தபோது, அந்தக் கரண்ட் வெளியே போகவும் வழியில்லை. பாடியிலேயே நின்றது, அம்மாவின் ஈரக்கை படும்வரை.

குழியைத் தோண்டி, கிளாம்ப் மாற்றி, தண்ணீர் விட்ட பிறகு அண்ணன் ஒரு சோதனை செய்தார். நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். ஒரு 100 வாட் குண்டு பல்பை ஃபேசுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவில் கொடுத்தார். சுவர் ப்ளக்கில் பல்பு பளிச்சென்று எரிந்தது. டப்பாவின் ப்ளக்கில் கம்பி சிவக்கக்கூட இல்லை. ஆனால் அதே இடத்தில் மல்டிமீட்டர், எர்த் நன்றாக இருப்பது போல, 220 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது! "மீட்டருக்கு நூலளவு கரண்ட் போதும் தம்பி, பல்பு எரியத்தான் நிஜமான எர்த் வேணும்" என்றார். வீடியோவில் அந்த ஆள் எதற்கு மீட்டரை மட்டும் காட்டினார் என்று இப்போது தெரிகிறது.

பணத்தைக் கேட்டால் விற்றவர், "உங்க வீட்டு வயரிங் சரியில்லண்ணே" என்றார். வயரிங் சரியில்லாத வீட்டுக்குத்தானே இதை விற்றீர்கள் என்று கேட்டேன், அத்தோடு என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டார். சந்தைக்காரர்களோ, ரிட்டர்ன் 7 நாளுக்குள்தான் என்கிறார்கள். அம்மா கீழே விழுந்தார் என்று சாட்டில் எழுதினால், "சிரமத்திற்கு வருந்துகிறோம், உங்கள் அனுபவத்தை மதிப்பிடவும்" என்று ஐந்து நட்சத்திரம் வருகிறது. நான்கு முறை பேசினேன், நான்கு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. 6,850 ரூபாய்க்கு இதுவரை ஒரு பைசா திரும்பவில்லை.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எர்த் வயருக்கு நடுவில் எதையும் மாட்டாதீர்கள். ஷாக் அடித்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எர்த் குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். போர்டில் எம்சிபி (தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று இருக்க வேண்டாம், அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். ஆளைக் காப்பாற்ற, கரண்ட் கசிந்தால் சப்ளையை உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், 300 என்று போட்டதை வாங்கிவிடாதீர்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். பார்சல் வந்தால் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். இன்னும் நிறைய இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன், அண்ணன் ஆர்சிசிபியோடு வாசலில் நிற்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிவு செய்துவிட்டேன். டப்பாவையும் பில்லையும் ஒரே கவரில் கட்டி பீரோவில் வைத்திருக்கிறேன், 6,850 ரூபாயை நான் விடப்போவதில்லை.