பழைய துப்பாக்கிக் குழலுக்கு வெந்நீரா, மண்ணெண்ணெயா?

கடையம் பக்கம் மலையடித் தோட்டத்தில், லைசென்ஸோடு வைத்திருக்கும் பழைய ஒற்றைக்குழல். வெடிமருந்தைக் குழல்வாய் வழியே போட்டு இடிக்கிற ரகம். தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கினால் உள்ளே கரி அடையாக இருக்கும். "மண்ணெண்ணெயில ஊறப் போடும்வே" என்பார்கள்.

எனக்கு வெந்நீர்தான். இதில் போடும் கரிமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடமாக மிஞ்சும். பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள். உப்பு தண்ணீரில் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. மேலே எண்ணெய் மினுங்கும், அடியில் உப்பு ஐப்பசி ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும்.

முதலில் ஒன்று: கம்பியைக் குழலுக்குள் விட்டு, வாயருகே அடையாளமிட்டு, வெளியே எடுத்து, குழலோடு ஒட்டி வைத்து அளந்து பாருங்கள். பின்பக்கத்தில் பற்றவைக்கும் தொப்பி மாட்டுகிற துளை வரை எட்டாமல் குறைந்தால் உள்ளே மருந்து இருக்கலாம். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

காலியென்றால், குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, தொப்பித் துளைப் பக்கத்தை வெந்நீர் வாளியில் முக்கி, துணி சுற்றிய கம்பியை பம்பு மாதிரி இழுக்க வேண்டும். முதல் தண்ணீர் மை போல வரும், கூடவே கூமுட்டை நாற்றம். கந்தகத்தின் வேலை. தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். சூட்டிலேயே குழல் காய்ந்துவிடும். உடனே எண்ணெய்த் துணி விடாவிட்டால் செம்பூச்சாகத் துரு பூக்கும்.

சரி, மண்ணெண்ணெய் எதற்கு? பிசினாக இறுகிய பழைய எண்ணெய்க்கும், துருவை இளக்கவும். ஒட்டிய ஈயத்தை இரண்டும் கரைக்காது, வெண்கல பிரஷ்தான். மணல், உப்புத்தாள் பக்கம் போகாதீர்கள்.