பெட்டியில் எழுதியிருந்தது 8 ஓம்ஸ், உள்ளே இருந்தது 4

பழைய பேஸ் கேபினட் (பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டி) வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 28,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய பெட்டி, ஏற்கெனவே என்னிடம் இருந்த நல்ல ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துக் கருக்கிவிட்டது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். மெல்லிசைக் குழுவில் 11 வருடமாக பேஸ் வாசிக்கிறேன். கோயில் கொடைகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. கொடைக் கச்சேரியில் பேஸ் வாசிப்பவருக்கு ஒரு பெரிய கஷ்டம் உண்டு. கிட்டாரிலிருந்து வயர் டிஐ பாக்ஸுக்குப் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) போகும், அங்கிருந்து மைக் செட்காரரின் மிக்சருக்குப் போகும். கீழே கூட்டத்துக்கு நெஞ்சு அதிரக் கேட்கும். மேடையில் நமக்கு ஒன்றும் கேட்காது. பேஸின் தடித்த ஈ கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். பாடகர்களுக்கு முன்னால் வைக்கும் சின்ன மானிட்டர் அந்த ஒலியை அசைத்துக்கூடப் பார்க்காது. பக்கத்தில் டிரம்ஸும் பேடும் அடிக்க, விரல் ஞாபகத்தை நம்பித்தான் பாதிக் கச்சேரி ஓடும்.

அதனால்தான் மூன்று வருடத்துக்கு முன்பு காசு சேர்த்துப் புதிதாக ஒரு ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்ளிஃபயர்) வாங்கினேன். கிளாஸ் டி வகை, மூன்று கிலோகூட இருக்காது, தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய்விடலாம். ஓம்ஸ் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. இந்த ஹெட் 4 ஓம்ஸில் 500 வாட்ஸ், 8 ஓம்ஸில் சுமார் 300 தரும். கூடவே 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று போட்ட 8 ஓம்ஸ் பெட்டி. இன்னொரு 8 ஓம்ஸ் பெட்டியைச் சேர்த்தால் கரண்டுக்கு இரண்டு வழி கிடைத்து மின்தடை பாதியாகி 4 ஓம்ஸ் ஆகும், ஹெட் முழு பலத்தோடு வேலை செய்யும். வாட்ஸ் கூடுவதால் காதுக்குத் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஸ்பீக்கர்கள் கூடி அதிகக் காற்றைத் தள்ளுவதுதான் மேடையில் உண்மையான வித்தியாசத்தைக் கொடுக்கும். 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள பெட்டி என் 15-க்கு நல்ல ஜோடி என்று முடிவு செய்தேன். நடு ஸ்வரங்கள் தெளிவாக வரும், விரல் படும் சத்தம்கூடக் கேட்கும்.

என் ஹெட்டின் பின்பக்கம் ஒரு வரி அச்சடித்திருக்கும்: குறைந்தபட்சம் 4 ஓம்ஸ். இந்த வரியைப் புரிந்துகொள்ளாமல் யாரும் இரண்டு பெட்டி மாட்டக் கூடாது. ஓம்ஸ் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கரண்ட் அதிகமாக இழுக்கும். ஒரே மோட்டாரை வைத்துக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாகத் திறந்துவிட்டால் மோட்டார் சூடேறுமே, அதே கதைதான். இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கடைக்காரரிடம் வாட்ஸப்பில் முதல் கேள்வியாகவே, "அண்ணே, பெட்டி எத்தனை ஓம்ஸ்? ஸ்பீக்கர் கம்பெனி ஸ்பீக்கர்தானா?" என்று கேட்டேன். "8 ஓம்ஸ் தம்பி, எல்லாம் ஒரிஜினல், கை வைக்கவே இல்லை" என்று எழுத்திலேயே பதில் வந்தது. அந்த வரி இன்று எனக்குப் பெரிய துணை.

சென்னைக்குப் போய் நேரில் பார்த்தேன். வெளிநாட்டுக் கம்பெனிப் பெட்டி, மூலைகளில் இரும்புக் காப்பு, முன்னால் இரும்பு வலை. பின்னால் பெயர்ப் பலகையில் 8 ஓம்ஸ், 400 வாட்ஸ் என்று இருந்தது. கடையிலிருந்த ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் காட்டினார்கள். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றப் போனேன். "பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவார் தம்பி, இவ்வளவு போதும்" என்று கடைக்காரர் கையைப் பிடித்தார். அந்த மெல்லிய சத்தத்தில் எந்த ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கராகத்தான் கேட்கும். வலையைப் பிடித்திருந்த திருகாணிகளில் இரண்டின் தலை தேய்ந்து பளபளப்பாக இருந்தது. பார்த்தேன். பழைய பெட்டிதானே என்று விட்டுவிட்டேன். திருகாணித் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "எதற்காகத் திறந்தீர்கள்?" என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

பில் கேட்டபோது, ஜிஎஸ்டி போட்டால் விலை ஏறும் என்றார். துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பணத்தை நான் போனில் அனுப்பியது மட்டும் நல்லதாகப் போயிற்று.

"ஸ்பீக்கர் கேபிளும் எடுத்துக்கோங்க" என்று 900 ரூபாய்க்கு ஒன்று தந்தார். இரண்டு பக்கமும் கிட்டார் ஜாக். பிற்பாடு வெட்டிப் பார்த்தால் அது கிட்டார் கேபிள். நடுவில் முடி போல ஒரு கம்பி, சுற்றிலும் வலைப் பின்னல். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலுக்காகச் செய்தது அது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கரண்டை அதில் ஓட்டினால் கேபிள் சூடாகும், உருகி ஷார்ட் ஆனால் ஹெட்டும் போகும். ஸ்பீக்கருக்கு இரண்டு தடித்த கம்பி உள்ள கேபிள் வேண்டும். எலக்ட்ரிக்கல் கடையில் இரண்டரை ஸ்கொயர் எம்எம் இரட்டை வயர் என்று கேட்டு வாங்கி, ஸ்பீக்கான் பிளக் மாட்டிக்கொண்டால் போதும். வெளியே பார்க்க கிட்டார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் ஒரே மாதிரி இருப்பதால் ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். நல்லவேளையாக நான் அதை வீட்டில் பத்து நிமிடம்தான் மாட்டினேன். கச்சேரிக்கு என் பழைய கேபிள்களைத்தான் எடுத்துப் போனேன்.

ஆம்னி பஸ் டிக்கியில் பெட்டி ஊர் வந்து சேர்ந்தது. வீட்டில் இரண்டு பெட்டியையும் மாட்டிக் குறைந்த சத்தத்தில் வாசித்தபோது குறை எதுவும் தெரியவில்லை. அடுத்த வாரமே ஆடிக் கொடை.

முதல் இரண்டு பாட்டு, சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு சந்தோஷம். 11 வருடத்தில் முதல் தடவையாக என் வாசிப்பு எனக்கே முழுதாகக் கேட்டது. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் ஹெட்டில் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் நின்றது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே அணைந்திருக்கிறது. தொட்டால் சுட்டது. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போட்டேன், வாசித்தது. மறுபடியும் அணைந்தது. மூன்றாம் முறை போட்டபோது 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே கருகிய வாடை. அதோடு சரி. மீதிக் கச்சேரியை டிஐ பாக்ஸில் முடித்தேன்.

சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்தாலே ஆஃப் செய்துவிட்டு, ஒரு பெட்டியைக் கழற்றிவிடுங்கள். கச்சேரி நின்றுவிடுமே என்ற பதற்றத்தில் திரும்பத் திரும்பப் போட்டதுதான் நான் செய்த தவறு.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். டிவி, மோட்டார், மைக் செட் எல்லாம் பார்ப்பவர். அவர் ஹெட்டைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரை எடுத்து, என் 15 அங்குலப் பெட்டியில் மாட்டிய கேபிளின் மறுமுனையில் வைத்தார். 5.9 காட்டியது. சரிதான், 8 ஓம்ஸ் பெட்டி என்றால் மீட்டரில் ஐந்தரையிலிருந்து ஏழு வரை காட்டும், ஓடும்போதுதான் அது 8 என்று கணக்கு. அடுத்து புதுப் பெட்டி. 3.1.

"தம்பி, வெளிய எட்டுன்னு எழுதியிருக்கான், உள்ள நாலுதான்டே இருக்கு" என்றார்.

வலையைக் கழற்றினோம். உள்ளே பெயரே இல்லாத இரண்டு ஸ்பீக்கர். பின்னால் காந்தம் என் உள்ளங்கை அளவு. ஒவ்வொன்றிலும் 8 ஓம்ஸ் என்று ஸ்டிக்கர். வயர் முனைகளில் ஈயப்பற்று புத்தம் புதிதாக மின்னியது.

இந்தக் கணக்கைத் தயவுசெய்து மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டி மொத்தம் 8 ஓம்ஸ் என்றால், வழக்கமாக உள்ளே தலா 16 ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்திருப்பார்கள். 16-ம் 16-ம் சேர்ந்தால் 8. நம் ஊர்க் கடைகளில் 16 ஓம்ஸ் ஸ்பீக்கர் எளிதில் கிடைக்காது, எங்கே கேட்டாலும் 8 ஓம்ஸ்தான். ஒரிஜினல் ஸ்பீக்கர்களை யாரோ கழற்றிவிட்டு, கிடைத்த 8 ஓம்ஸை அதே வயரிங்கில் மாட்டியிருக்கிறார்கள். மொத்தம் 4 ஆகிவிட்டது. பெயர்ப் பலகை மட்டும் பழைய 8-ஐச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த 4-ஐ என் 8-ஓடு சேர்த்தால் வருவது சுமார் 2.7 ஓம்ஸ். குறைந்தது 4 வேண்டும் என்று கேட்கும் ஹெட், ஆடி மாதப் புழுக்கத்தில் அந்தச் சுமையை எவ்வளவு நேரம் தாங்கும்?

பெட்டியை மட்டும் தனியாக மாட்டி வாசித்திருந்தால் 4 ஓம்ஸ்தான், ஹெட் பிழைத்திருக்கும், நானும் பல மாதம் ஏமாந்தே இருந்திருப்பேன். இன்னும் எத்தனை பேர் வீட்டில் இப்படிப் பெட்டி இருக்கிறதோ என்ற கவலைதான் இதை எழுத வைத்தது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "நீங்க கனெக்‌ஷன் தப்பாக் குடுத்திருப்பீங்க தம்பி" என்றார். மீட்டர் வீடியோவை அனுப்பினேன். "ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறியிருக்கும்" என்றார். அதே லைனில் இருந்த கீபோர்டுக்கும் மிக்சருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். "செகண்ட் ஹேண்டுக்கு கேரண்டி கிடையாது" என்றார். கேரண்டியை நான் கேட்கவே இல்லை. கை வைக்கவே இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்கிறேன். ஸ்பீக்கரை மாற்றியது அவரா, அவருக்கு விற்றவரா என்று என்னால் சொல்ல முடியாது. விற்பதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்க்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

ஹெட்டின் பவர் போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. 14,500 ரூபாய், ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் மற்ற ஊர்க் கொடைகளுக்கெல்லாம் பழையபடி டிஐ பாக்ஸ்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடைக்காரர், பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் 8,000 தருகிறேன் என்றார். ஒத்துக்கொள்ளவில்லை, மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். நிறைய கலைஞர்கள் 'சம்பாதிக்க வாங்கின பொருளுக்கு கேஸ் போட முடியாது' என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிய பொருள் என்றால் 2019 சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். சென்னைக்கு அலையவும் வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இருந்தால் வேலை சுலபம். என்னிடம் பில் இல்லை. வாட்ஸப் செய்தி, பணம் அனுப்பிய பதிவு, துண்டுச் சீட்டு, அண்ணாச்சி மீட்டர் வைத்த வீடியோ இவைதான் இருக்கின்றன.

வாங்கப் போகும்போது 300 ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் ஒரு கேபிளைச் செருகி, மறுமுனை ஜாக்கின் நுனியிலும் தண்டிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். ஸ்பீக்கான் பிளக் என்றால் 1 பிளஸ், 1 மைனஸ் என்று குறித்த முனைகளில் வையுங்கள். பெட்டியில் சின்ன ட்வீட்டர் (கீச்சொலிக்கான ஸ்பீக்கர்) இருந்தாலும் பயப்பட வேண்டாம், அதற்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர் மீட்டர் கரண்டை விடாது, பெரிய ஸ்பீக்கரின் அளவுதான் தெரியும். 8 என்று எழுதிய பெட்டியில் 3 சொச்சம் காட்டினால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். வலையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். உங்கள் பேஸையும் ஹெட்டையும் தூக்கிக்கொண்டு போய், ஈ கம்பியைத் திறந்து, மேடையில் வைக்கும் வால்யூமில் அடித்துப் பாருங்கள். ஸ்பீக்கரின் கோன் கரகரத்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) உரசுகிறது என்று அர்த்தம்.

அதே கடையில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ஹெட்டும் மலிவு விலையில் இருந்தது. பின்னால் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் அதை நேராகச் செருகினால் அன்றைக்கே போய்விடும். விலை குறைவாக இருக்கிறதே என்று யாராவது எடுப்பதற்குள் இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அப்புறம், 2000 வாட்ஸ் பிஎம்பிஓ (விளம்பரத்துக்காகப் போடும் கண நேர உச்ச அளவு) என்று ஸ்டிக்கர் ஒட்டிய எதையும் வாட்ஸ் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய அளவு) எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

பெட்டி இப்போது வலை கழற்றியபடியே வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அந்த இரண்டு ஸ்பீக்கரையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 16 ஓம்ஸ் ஆகும், என் பெட்டியோடு சேர்ந்தால் ஐந்துக்கு மேல் நிற்கும், ஹெட்டுக்கு ஆபத்தில்லை, வயரை மாற்றித் தரட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். கேஸ் முடிகிற வரை ஒரு ஈயப்பற்றையும் தொட வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வாய்தா.