முகத்துக்கு எது, சுவருக்கு எது? குறைந்த செலவு வீடியோ விளக்குகள்

கையில் பணம் குறைவாக இருந்தால் மூன்று வழிகள் உண்டு: ஜன்னல் வெளிச்சம், சின்ன எல்இடி பேனல், எல்இடி பல்பும் வெள்ளைத் துணியும்.

ஜன்னலின் நிறத்தரத்தை மலிவு விளக்குகள் எட்டுவது கடினம். பக்கவாட்டில் உட்கார வைத்து, மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை நிறுத்தினால் முகம் தயார். ஆனால் மேகம் கடந்தால் வெளிச்சம் மாறும். எடிட்டிங்கில் ஒட்டும்போது அது துருத்திக்கொண்டு தெரியும். ஆகவே பகலில் எடுக்கும் சின்ன வீடியோக்களுக்கு மட்டும். அறையின் மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். இரண்டு நிறத்தையும் கேமராவின் ஒரே ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) சரிசெய்யாது.

பேனலை நேராக முகத்தில் அடித்தால் மூக்கின் நிழல் கத்திவெட்டாக விழும், நெற்றி மினுக்கும். முகத்திலிருந்து பார்க்க விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மை. உள்ளங்கை அளவு பேனல் 2 மீட்டர் தள்ளி நின்றால் வெறும் புள்ளிதான்.

அதனால் முகத்துக்குப் பல்பும் துணியும்தான் எங்கள் தேர்வு. சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் உள்ள பல்பு, அதிலிருந்து அரை மீட்டர் தள்ளி 1 மீட்டர் அகல வெள்ளைத் துணி. பல்பைத் துணிக்கு ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும் வட்டமாக ஒளிரும். துணி கட்டியதே வீண். மலிவான பல்புகள் காட்சியில் பட்டை பட்டையாக ஓடலாம்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி, 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/120 வையுங்கள். டிம்மர் வேண்டாம், பட்டை இன்னும் மோசமாகலாம். விளக்கைத் தள்ளி வைத்தே வெளிச்சத்தைக் குறையுங்கள்.

சுவரை இருட்டாக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஆளுக்கும் சுவருக்கும் 2 மீட்டர் இடைவெளி விடுங்கள். விளக்கு முகத்திலிருந்து 1 மீட்டரில் இருந்தால், விளக்கிலிருந்து 3 மீட்டரில் உள்ள சுவருக்கு முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் போகும், சுமார் 3 ஸ்டாப் குறைவு (வெளிச்சம் பாதியானால் அது ஒரு ஸ்டாப்). அதே விளக்கை 3 மீட்டருக்கு நகர்த்தினால் சுவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே கிடைக்கும், பின்னணி தட்டையாகிவிடும்.

பேனல் ஏற்கெனவே இருந்தால் அதைச் சுவருக்குத் தாருங்கள். தரையில் வைத்துச் சாய்வாக அடித்தால் சுவரின் சொரசொரப்பு அழகாகத் தெரியும். அந்த வெளிச்சம் முகத்தின் நிழல் பக்கத்துக்குப் பின்னால் விழட்டும். இருண்ட கன்னம் பின்னணியோடு கரைந்துபோகாமல் பிரிந்து நிற்கும்.