சுருதிப் பெட்டியா, ஃபோனில் தம்புராவா?

இருபத்திரண்டு வருடம் கழித்து, சென்ற ஆண்டு விஜயதசமியன்று என் வயலின் பெட்டியைத் திறந்தேன். தந்திகள் துருப்பிடித்திருந்தன. வில்லின் முடியைப் பூச்சி அரித்திருந்தது. திருச்சியிலேயே ஒருவரிடம் கொடுத்துத் தந்தி மாற்றி, வில்லுக்கு முடி கட்டி, ரோசின் ஒரு டப்பா வாங்கியாயிற்று. மிச்சம் இருந்தது சுருதி, அதாவது வாசிப்பின் அடியில் விடாமல் ஒலிக்கிற ஆதார ஒலி. அம்மா வீட்டில் ஒரு காலத்தில் இருந்த துருத்திச் சுருதிப் பெட்டி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. “அதை எதுக்கும்மா தேடற, ஃபோன்லயே தம்புரா வருதே” என்று சொல்லி, மகள் இரண்டு நிமிடத்தில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்துவிட்டாள்.

ஐந்து மாதம் அந்த ஃபோன் தம்புராவோடு வாசித்தேன். பிறகு 1,800 ரூபாய் கொடுத்து, ஒருவர் பயன்படுத்திய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அது வந்து ஏழு மாதம் ஆகிறது. ஆக, இந்த அலசலில் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பெட்டிப் பக்கம்தான்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். விலையில் ஃபோன் ஜெயிக்கும்; கையில் ஏற்கெனவே இருக்கிற பொருள், செயலிகளில் பலவும் இலவசம். ஊருக்குப் போகும்போது கூடவே வரும். ஐஃபோனில் ஐதப்லாப்ரோ, ஆண்ட்ராய்டில் தம்புரா டிராய்டு மாதிரியானவற்றில் பஞ்சமத்தை (ப) மத்திமமாக (ம) மாற்றுவது, தந்தி மீட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் விரல் நுனியில் நடக்கும். நாதத்திலும் குறை சொல்ல மாட்டேன். நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் நிஜத் தம்புராவின் ரீங்காரம் என் பெட்டியைவிடச் செயலியில்தான் நன்றாக வருகிறது. ஆனால் ஸ்பீக்கர் இல்லாமல் வெறும் ஃபோனில் வைத்தால் கீழ் ஷட்ஜம் (ஸ) காணாமல் போய்விடும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடினால் உயரம் கூடும். என் வயலின் சுருதி இரண்டரைக் கட்டை. அந்த மந்தர ஷட்ஜத்தை உள்ளங்கை அளவு ஃபோனின் ஒலிபெருக்கியால் தாங்க முடிவதில்லை. கொசு ரீங்காரம்தான் மிஞ்சும். ஐந்தரைக் கட்டையில் பாடுகிற பெண்களுக்கு இது அவ்வளவாக உறைக்காது.

யூடியூபில் பத்து மணி நேரத் தம்புரா போட்டு வாசிப்பவர்கள் உண்டு. நானும் இரண்டு நாள் செய்தேன். அலங்காரப் பயிற்சியின் நடுவில் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம்.

இனி, எனக்கு முடிவைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்கும் நாதத்துக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை. சுருதியைப் போடப் போகிற கை எந்தப் பொருளைத் தொடுகிறது என்பதுதான் விஷயம்.

கர்நாடக வயலின் வாசிக்க உட்காருவதே ஒரு வேலை. தரையில் சம்மணமிட்டு, வலது காலைச் சற்று முன்னே விட்டு, வயலினின் தலையைக் கணுக்காலுக்கு அருகில் ஊன்றிக்கொள்ள வேண்டும். அப்படி உட்கார்ந்த பிறகு இரண்டு கையும் அடைபட்டுவிடும். ஃபோன் எங்கே இருக்கும்? கண்ணுக்கு நேரே, தரையில், திரை மேலே பார்த்தபடி. தம்புரா போட அதை எடுப்பேன். எடுத்ததும் மேலே ஏழு செய்தி நிற்கும். குடும்பக் குழுவில் யாரோ வளைகாப்புப் படம் போட்டிருப்பார்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைப்பேன். முதல் பயிற்சியான சரளி வரிசை தொடங்கும்போது கடிகாரம் பதினொரு நிமிடம் தள்ளிப் போயிருக்கும்.

நடுவிலும் அதே கதைதான். ஒருநாள் ஜண்டை வரிசைப் பயிற்சி இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், கொஞ்சம் பிடிமானம் கிடைத்து, வில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று தம்புரா நின்றது. அக்காவின் அழைப்பு. ஃபோனுக்கு அழைப்பு வந்தால் தம்புரா வாயை மூடிக்கொள்ளும் என்பதைச் செயலிகளைப் புகழ்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. வில்லைக் கீழே வைத்துப் பேசி முடித்தேன். திரும்ப எடுத்தபோது வயலின் காலில் உட்கார மறுத்தது. அந்தப் பிடிமானம் அன்றைக்குத் திரும்ப வரவே இல்லை.

ஒரு மாதம் நோட்டில் கணக்கு வைத்தேன். தோராயக் கணக்குதான், பக்கத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தது. உட்கார்ந்தது 45 நிமிடமென்றால் வில் தந்தி மேல் இருந்தது 25 நிமிடம், அல்லது அதற்கும் கீழே. மிச்சமெல்லாம் ஃபோனுக்குப் போயிருந்தது. நான் எதிர்பார்க்காத ஒன்றும் அதில் தெரிந்தது. என் இணைய நேரத்தில் பெரிய துண்டு இரவில் படுக்கையில் போகிறது என்று நினைத்திருந்தேன். சாதகம் (பயிற்சி) என்ற பெயரிலேயே ஒரு துண்டு போய்க்கொண்டிருந்தது. வீட்டில் எல்லாரும் “அம்மா பிராக்டீஸ் பண்றாங்க” என்று கதவைச் சாத்திவிட்டுப் போன நேரம் அது.

‘ஏரோபிளேன் மோட் போட வேண்டியதுதானே’ என்று கேட்பீர்கள். போட்டேன். ஒன்பது நாள் ஓடியது. செயலிக்கு இணையம் தேவையில்லை, தம்புரா தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும். ஆனால் மகளை டியூஷனிலிருந்து கூட்டி வர அழைப்பு வரும் நாளில் அதைப் போட முடியாது. வயலின் சார் பாடம் அனுப்புவது வாட்ஸ்ஆப் ஒலிப்பதிவில். ஒரு சங்கதியை (ஒரே வரியை மாற்றி வாசிக்கும் விதம்) சரிபார்க்க அதைத் திறந்தாக வேண்டும், திறந்தால் மற்ற எல்லாமும் திறந்துவிடும். ஆண்ட்ராய்டின் ஃபோகஸ் மோடும் இப்படியேதான். பூட்டும் என் கையில், சாவியும் என் கையில். சங்கதி வராமல் எரிச்சலில் இருக்கும் கைக்குச் சாவியைத் திருப்ப ஒரு நொடி போதும்.

இதில் என் மனஉறுதிதான் குறை என்று கொஞ்ச நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். 2017-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஃபோனை மேஜை மேல் வைத்திருந்தவர்கள், பையிலோ சட்டைப்பையிலோ வைத்திருந்தவர்கள், அடுத்த அறையில் விட்டு வந்தவர்கள் என்று மூன்று பிரிவு. ஃபோன் எல்லாருக்கும் சத்தமில்லாமல்தான் இருந்தது. அப்படியும் கவனம் தேவைப்படும் சோதனைகளில் அடுத்த அறையில் விட்டவர்கள் மேஜைக்காரர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பிறகு இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் அதே முடிவு வரவில்லை; அதனால் இதை வேதவாக்காக வைக்கவில்லை. ஆனால் ‘அடுத்த அறை’ என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. ஃபோன் அடுத்த அறைக்குப் போக வேண்டுமானால் சுருதி வேறு எதிலிருந்தாவது வந்தாக வேண்டும்.

எலக்ட்ரானிக் தம்புரா என்ற பொருளைப் பரவலாக்கியதில் பெங்களூரின் ராடெல் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நிறுவிய ஜி. ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர். சுருதிக்குத் தனியாக ஒரு ஆளைத் தேட வேண்டிய கஷ்டம் தெரிந்த கையிலிருந்து வந்த கருவி அது. நான் வாங்கியது இன்னும் எளிய வகை. கட்டைக்கு ஒரு திருகு, நுணுக்கமாகச் சேர்க்க ஒரு சின்னத் திருகு, ஒலியளவுக்கு ஒன்று. வேறு எதுவும் இல்லை. அதற்கு மேல் அதில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் பெருமை. திருகைத் திருப்பினால் ஷட்ஜம் வரும். வந்த பிறகு வில்லை எடுப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

இப்போது அதே நோட்டில் 45-க்கு 37, 38 என்று விழுகிறது. நடுவில் தண்ணீர் குடிக்கிறேன், தந்தியை முறுக்கும் பிருடை நழுவினால் சேர்க்கிறேன், சில நாள் சும்மா சன்னலைப் பார்க்கிறேன். அவ்வளவுதான் போகிறது.

வீட்டில் ஒரு மாற்றமும் வந்தது. ஃபோனில் தம்புரா ஒலித்தபோது அது அவர்களுக்கு ‘அம்மா ஃபோனில் ஏதோ கேட்கிறாள்’ என்றுதான் பட்டது. உள்ளே வந்து கேள்வி கேட்பார்கள். பெட்டியின் ஓசை கூடத்தில் கேட்டால் யாரும் வருவதில்லை. குக்கர் விசிலைக்கூட மகளே எண்ணிக்கொள்கிறாள்.

பெட்டி வந்த பிறகு எதேச்சையாகச் சரியான இன்னொரு விஷயம் காது. ஃபோன் காலத்தில் டியூனர் செயலியை வைத்துத் தந்தி சேர்த்தேன். முள் நடுவில் நின்றால் சரி என்று நினைப்பு. அந்த முள் பெரும்பாலும் பியானோ கணக்கில் நிற்கும், பன்னிரண்டு ஸ்வரத்தையும் சம இடைவெளியில் பிரித்த கணக்கு. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் அதில் 700 சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கும் அலகு). தம்புராவோடு ஒட்டி நிற்கிற பஞ்சமம் 702. அது பரவாயில்லை. மாயாமாளவகௌளை ராகத்தில் வருகிற அந்தர காந்தாரத்தை (க) எடுத்துக்கொண்டால் முள்ளுக்கு 400, தம்புராவோடு இழைவதோ சுமார் 386. முள்ளைப் பார்த்துப் பார்த்து என் காந்தாரம் கொஞ்சம் தூக்கலாகவே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. சார் மூன்று வாரம் “காந்தாரத்தை இறக்கும்மா, இன்னும் இறக்கு” என்றார். முள் சரியாகக் காட்டுகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்! முள் இல்லாமல் வெறும் ஷட்ஜ பஞ்சமத்தோடு உட்கார்ந்தபோதுதான் அவர் சொன்னது புரிந்தது. செயலியை வைத்துக்கொண்டும் டியூனரைத் தொடாமல் இருக்கலாம்தான், நான் இருக்கவில்லை.

ஃபோன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் வாசித்ததைப் பதிவு செய்து திரும்பக் கேட்பது போல வேறு ஆசிரியர் கிடையாது. வாசிக்கும்போது தேனாகக் கேட்ட வர்ணம் என்ற உருப்படி பதிவில் என்ன பாடு படுகிறது என்பது தெரிந்துவிடும். யூடியூபில் கச்சேரிகளை முக்கால் வேகத்தில் வைத்துக் கேட்டால் சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும், ஸ்வரத்தை அசைக்கிற கமகம் எங்கிருந்து எங்கே போகிறது என்று பிடிக்கலாம். அப்புறம் ஆன்லைன் வகுப்பு. சார் மாதத்தில் பாதி நாள் வெளியூர், அதனால் ஜூமில்தான். அங்கே ஒரு எச்சரிக்கை: ஜூமின் இரைச்சல் நீக்கும் வசதி தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வடிகட்டிவிடும். ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதைப் போட்டால்தான் சுருதி அந்தப் பக்கம் போகும். போட்டாலும் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒலி போய்ச் சேர ஆகும் தாமதத்தில் தாளம் விலகிவிடும்.

ஆக நேரத்தைப் பாதி பாதியாகப் பிரிப்பது எனக்குச் சரிப்படவில்லை. வரிசையை மாற்றியது சரிப்பட்டது. முதலில் பாடத்தின் ஸ்வரத்தை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். ஃபோன் சமையலறை அலமாரிக்குப் போகும், டியூஷன் நாளென்றால் மகளின் அப்பா கைக்குப் போகும். பிறகு பெட்டி, 45 நிமிடம். அது முடிந்த பிறகு ஃபோன் வரும், கடைசியாக வாசித்ததை ஒருமுறை பதிவு செய்வேன், பாடத்தைக் கேட்பேன், அதற்கு மேல் வளைகாப்புப் படமும் பார்ப்பேன். அந்த நேரத்தில் பார்த்தால் குற்ற உணர்ச்சி இல்லை.

சிம் இல்லாத பழைய ஃபோனில் செயலியை மட்டும் வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. என் தோழி ஒருத்திக்கு அது நன்றாகவே நடக்கிறது. நான் பத்து நாள்தான் முயன்றேன், பேட்டரி உப்பிவிட்டது. பத்து நாளை வைத்து அதை ஒதுக்கிவிட மாட்டேன். வீட்டு வைஃபையை அது மறந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நிஜத் தம்புராவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஜீவா நூலைத் தந்திக்கடியில் நகர்த்தி நாதம் பிறக்கும் இடத்தைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன், நானே பிடித்ததில்லை. வயலின் வாசிக்கிற கைக்கு அதை மீட்ட இன்னொரு கை வேண்டும். மிருதங்கம் பழகுகிறவர்களுக்கோ சின்னப் பிள்ளைகளுக்கோ என் கணக்கு பொருந்துமா என்பது அவரவர் வீட்டில் பார்க்க வேண்டியது.

பராமரிப்பில் பெட்டிக்கும் தொல்லை உண்டு. அடாப்டர் நாலாவது மாதம் போயிற்று. பழைய வகைப் பெட்டிகளில் சூடேறினால் சுருதி மெல்ல நகரும். சித்திரை வெயிலில் அரை மணிக்கு ஒருமுறை சின்னத் திருகைத் தொட வேண்டியிருந்தது. ஆனால் விற்றால் விலை போகும். ஒவ்வொரு விஜயதசமிக்கும் புதிதாகப் பாட்டுக்குச் சேருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பழைய பெட்டியைத் தேடி யாராவது வந்துவிடுவார்கள். என்னுடையதும் அப்படிக் கைமாறி வந்ததுதான்.

நீங்களும் பழையதாக வாங்குவதானால் கடையிலேயே மூன்று விஷயம் பாருங்கள். திருகுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்புங்கள். கரகரவென்றால் உள்ளே தூசி, ரேடியோ மெக்கானிக் துடைத்துக் கொடுப்பார். பேட்டரி போடும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, உங்கள் கட்டையில் வைத்துப் பத்து நிமிடம் ஓட விட்டு, தொடக்கத்தில் இருந்த ஷட்ஜம்தானா என்று பாடிப் பாருங்கள். சரிபார்க்க ஃபோனை எடுக்காதீர்கள்.