கோடாக்ஸ் எக்ஸ்-புரோ டிரிக்கர்: மூன்று ஃபிளாஷ், ஒரே கட்டுப்பாடு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கோயில் கல்யாணங்களில் பட்டும் தங்கமும் ஒரே ஃபிரேமில் மின்னும். அங்கே நின்ற இடத்திலிருந்தே மூன்று ஃபிளாஷையும் அடக்கி ஆள, கேமரா மேல் மாட்டி ஃபிளாஷ்களை வயர் இல்லாமல் இயக்கும் இந்த டிரிக்கர் தாராளமாகப் போதும். ஃபிளாஷ்களை ஏ, பி என்று பிரித்து வைக்கும் குரூப் ஐந்து; திரையோரத்தில் ஐந்துக்கும் தனித்தனி பட்டன். அழுத்தி டயலைச் சுழற்றினால் பவர் மாறிவிடும். மெனுவுக்குள் தேடி அலைய வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய பலம்.

ஒரே மாடல் ஃபிளாஷ், ஒரே அளவு குடை, ஒரே தூரம் என்றால், முதன்மை வெளிச்சமான ஏ-வை முழு பவரில் 1/8, நிழலை நிரப்பும் பி-யை 1/32 வைக்கும்போது 2 ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி), கணக்கில் 4:1. ஆனால் பி கேமராவை ஒட்டி நின்றால் முகம் முழுக்க விழும், வெளிச்சப் பக்கத்திலும் சேரும். வெளிச்சப் பக்கம் 4+1, நிழல் பக்கம் 1; கிடைப்பது 5:1. மணப்பெண் முகத்துக்கு அது கடுமை. பி-யை 1/16க்கு ஏற்றுங்கள், 3:1 வரும். கன்னத்து நிழலும் நெற்றிச்சுட்டியின் கல்லும் இரண்டுமே தெரியும். யாராவது குடையை 1 மீட்டரிலிருந்து 1.4 மீட்டருக்குத் தள்ளினால் ஒரு ஸ்டாப் போச்சு. ஸ்டாண்டின் காலடியில் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஃபிளாஷ் அடிக்கவில்லையா? டிரிக்கரிலும் ஃபிளாஷிலும் சேனலும் ஐடி எண்ணும் பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். வைஃபை போலவே இதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை என்பதால் வைஃபை நிறைந்த மண்டபத்தில் ஸ்கேன் செய்து காலியான சேனலைப் பிடிப்பது நல்லது. பக்கத்திலிருக்கும் ஃபிளாஷ் மட்டும் அடம்பிடித்தால் தூர அமைப்பை 0-30 மீட்டருக்கு மாற்றுங்கள்.

டிடிஎல், அதாவது கேமராவே அளந்து ஃபிளாஷ் பவரை முடிவு செய்யும் வசதி, இல்லாத கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷே இதற்குப் போதும். வெள்ளை வேட்டியும் கரும்பச்சைப் பட்டும் மாறி மாறி வரும்போது டிடிஎல் ஆடும், நாமே பவரை வைக்கும் மேனுவல் அசையாது. டிரிக்கருக்கு இரண்டு ஏஏ பேட்டரி, பையில் இன்னொரு ஜோடி.