கட்ச் ரண் ஓரம் ஓட்ட ஹிமாலயன் 411 எப்படி?

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உப்பு என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இங்கே உப்பு காற்றில் வருகிறது, குஜராத்தின் உப்புப் பாலையான கட்ச் ரண்ணில் டயரிலிருந்தே தெறிக்கிறது.

புஜ்ஜிலிருந்து காவ்டா வழியாக, பழைய சிந்துவெளி நகரம் இருந்த தோலாவிரா போகும் சாலைக்கு ராயல் என்ஃபீல்டின் இந்த ஹிமாலயன் 411 பைக் அருமையான பொருத்தம். காவ்டா தாண்டி சுமார் 30 கிலோமீட்டர், இரு பக்கமும் பெரிய ரண். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி, குளிர்காலத்தில் வற்றி, உப்பாக உறைகிற பள்ளம் அது. டிசம்பர், ஜனவரியில் போனால் கண்ணுக்கு விருந்து. எஞ்சின் 80-90 வேகத்தில் அலுங்காமல் ஓடும், 100ஐத் தாண்டினால் திணறும். அந்தச் சாலையில் விரட்டவும் மனசு வராது. 15 லிட்டர் டேங்க்கை புஜ்ஜில் நிரப்பினால் போய்த் திரும்பலாம்.

பலவீனம் ட்யூப் டயர். காவ்டா போகும் வழியெல்லாம் பன்னி புல்வெளி, அதை மூடிக்கிடப்பது நம்ம ஊர் சீமைக்கருவேலம்தான். முள் குத்தி டயருக்குள்ளேயே முறிந்துவிடும். ட்யூபை ஒட்டிப் போட்டு அரை மணியில் மறுபடி பஞ்சர் ஆவது இதனால்தான். டயரின் உள்பக்கம் துணியை மெதுவாக ஓட்டுங்கள், முள் இருந்தால் நூல் சிக்கும். முன்சக்கரம் 21 இன்ச், அந்த ட்யூப் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கையோடு ஒன்று கொண்டுபோங்கள். சென்டர் ஸ்டாண்டு இருப்பதால் பின்சக்கரம் கழற்றுவது சுலபம்.

உப்புத்தரை கெட்டியாகத் தெரியும், அடியில் கறுப்புச் சேறு. 200 கிலோவை நெருங்கும் வண்டி இறங்கினால் புதைந்துவிடும். போட்டோவுக்காகக்கூட தார் ரோட்டை விட்டு இறக்காதீர்கள்.

அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். பிரஷர் பம்ப் வேண்டாம், வீல் பேரிங்குக்குள் உப்புத்தண்ணீரைத் தள்ளிவிடும். வாளித் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். ஸ்போக் நிப்பிள் (சக்கரக் கம்பியை இறுக்கும் சின்னத் திருகு) ரிம்மில் இறங்கும் இடத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும், ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். பிறகு பிரேக் காலிப்பர், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், சைலன்சர் அடிப்பாகம். செயின் காய்ந்தபிறகுதான் லூப் (செயின் எண்ணெய்) அடிக்கணும், ஈரத்தின்மேல் அடித்தால் உப்பு உள்ளேயே தங்கும்.

வடசென்னையில் பழைய 411 வாங்கி இந்தப் பயணத்துக்கு எடுப்பவர்கள், முதலில் ஸ்போக் சாவியை வைத்து நிப்பிள்களைத் திருப்பிப் பாருங்கள். அசையாத நிப்பிள் நாலைந்து இருந்தால் அந்த ஸ்போக்குகளை மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகு கிளம்புங்கள். 2020 முதல் வந்த பிஎஸ்6 (புகை விதி) மாடல் என்றால் பின்சக்கர ஏபிஎஸ்ஸை, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பை, அணைக்கும் வசதி இருக்கும், கிடைத்தால் அதையே எடுங்கள்.